128 என்ற அந்த எண்

அன்புள்ள இளங்கோவுக்கு,

அம்மா எழுதுவது. வீட்டுக்கு வந்து ஐந்து நாளாகிறது. தொலைபேசியில் நாலு வார்த்தை பேசுவதற்குள் இருமல் வந்துவிடுகிறது, நீயும் அங்கே பதறுகிறாய். ஆகவே நிதானமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நுரையீரல் அறுவை சிகிச்சை முடிந்த மூன்றாம் நாள் அப்பா வாட்ஸ்அப்பில் அனுப்பிய அறிக்கையில் சி.ஆர்.பி. என்ற ரத்தப் புரதத்தின் அளவு 128 என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, தொற்று ஏறிவிட்டது, டாக்டர் எதையோ மறைக்கிறார் என்று நள்ளிரவில் அப்பாவிடம் சண்டைக்கு நின்றாயாமே. 32 ஆண்டுகள் விலங்கியல் நடத்தியவளின் மகன் எண்ணைப் பார்த்தான், அது எந்த நாளின் எண் என்று பார்க்கவில்லை என்பதில் எனக்குச் சற்று வருத்தந்தான்.

உன் பயம் புரியாமலில்லை. 1930-இல் அந்தப் புரதத்தை முதன்முதலில் கண்டதே நிமோனியா நோயாளிகளின் ரத்தத்தில்தான். அதன் பெயரிலுள்ள 'சி' கூட நிமோனியாக் கிருமியின் செல் சுவரிலுள்ள ஒரு சர்க்கரைப் பொருளிலிருந்து வந்தது. ஆனால் உடலுக்குக் கிருமியின் கடியும் ஒன்று, கத்தியின் வெட்டும் ஒன்று. வெட்டுப்பட்ட இடத்திலுள்ள செல்களும் அங்கே வந்து கூடும் வெள்ளணுக்களும் செய்திப் புரதங்களை ரத்தத்தில் விடுகின்றன. அவற்றுள் இன்டர்லூகின்-6 என்பது சில மணி நேரத்திலேயே ஏறிக் கல்லீரலை எட்ட, கல்லீரல் சி.ஆர்.பி.யைச் செய்து குவிக்கத் தொடங்குகிறது. செய்தி போய், சரக்கு வந்து சேரும் அந்த இடைவெளியால்தான் வெட்டு விழுந்த இரண்டாம், மூன்றாம் நாளில் எண் உச்சத்துக்குப் போகிறது. உற்பத்தி நின்றுவிட்டால் ஏறத்தாழ 19 மணி நேரத்துக்கு ஒருமுறை அது பாதியாகக் கரையும். நீ பார்த்தது மலையின் உச்சியை. ஐந்தாம் நாள் எனக்கு 46.

'துளை போட்டுத்தானே செய்தார்கள், பிறகு ஏன் இவ்வளவு?' என்றும் கேட்டாயாம். நல்ல கேள்வி. என் வலப்பக்க நுரையீரலின் மூன்று மடல்களில், கட்டி இருந்த மேல் மடலை முழுதாக எடுத்திருக்கிறார்கள். பழைய முறையில் விலாவை ஓரமாக நீளக் கிழித்து, எலும்புகளுக்கு நடுவே இரும்புக் கருவியைச் செருகி அகட்டுவார்கள். எனக்கு அந்த அகட்டல் இல்லை. அக்குளுக்குக் கீழே நாலு சென்டிமீட்டரில் ஒரு வெட்டு, கேமராவுக்கும் கருவிக்குமாக இரண்டு சிறு துளைகள், அவ்வளவுதான். கட்டி வழியில் எங்கும் படாமலிருக்க, மடலை ஒரு பைக்குள் போட்டு அந்த நாலு சென்டிமீட்டர் வழியாகவே உருவி எடுத்தார்களாம். இந்த முறையில் அழற்சி, அதாவது காயத்துக்கு உடல் காட்டும் இந்த எதிர்வினை, குறைகிறது என்பது வெறும் பேச்சல்ல. 2000-இல் ஹாங்காங்கிலிருந்தும் 2001-இல் எடின்பரோவிலிருந்தும் வெளியான ஆய்வுகளில், துளை வழியே செய்துகொண்டவர்களின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 குறைவாகவே ஏறியிருந்தது.

குறையும் என்றுதான் சொன்னேன், இராது என்று சொல்லவில்லை. தோலில் வெட்டு சிறிதே தவிர உள்ளே நடந்த வேலை அதேதான்: அதே ரத்தக் குழாய்கள், அதே மூச்சுக் குழாய், அதே நிணநீர் முடிச்சுகள். போதாததற்கு, வேலை நடக்கும் பக்கத்து நுரையீரலைச் சுருங்கவிட்டு மற்றொன்றால் மட்டும் மூச்சு ஓட்டி, முடிவில் மீண்டும் விரியவிடுகிறார்கள். அந்தச் சுருக்கமும் விரிவும் தம் பங்குக்கு அழற்சியைக் கிளப்பும். எந்த முறையானாலும் இதிலிருந்து தப்ப முடியாது.

அழற்சி குறைந்ததனாலேயே ஆயுள் கூடும் என்று யாரும் நிறுவிவிடவில்லை. ஆகவே அந்த நம்பிக்கையை நான் உனக்கு ஊட்டப்போவதில்லை. நிச்சயமாகத் தெரிந்தது வேறு. பிரிட்டனில் 503 பேரைச் சேர்த்து நடத்திய ஒரு பெரிய ஒப்பீட்டில், துளை முறைக்காரர்கள் ஐந்தாம் வாரத்தில் மற்றவர்களைவிட நன்றாக நடமாடினார்கள், மருத்துவமனையிலிருந்தும் ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினார்கள். இந்த வயதில் எனக்கு அது சின்ன விஷயமில்லை.

மறைத்ததாகச் சொன்னாயே, அந்த டாக்டர் மூன்றாம் நாள் அறிக்கையை ஒரு நொடி பார்த்தார். நெஞ்சுக்குள் தங்கிய காற்றைக் குழாய் வழியே தண்ணீருக்குள் வெளியேற்ற, கட்டிலுக்குக் கீழே வைத்திருந்த டிரெயின் பாட்டில் பக்கத்தில் குந்தி, "இருமுங்கம்மா" என்றார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினேன். முதல் நாள் கொப்பளித்த தண்ணீரில் அன்று ஒரேயொரு குமிழி வந்தது. காய்ச்சல் இல்லை, சளி தெளிவு, நாடித் துடிப்பு சீர் என்று எழுதிவிட்டுப் போனார். ஐந்தாம் நாளுக்குப் பிறகும் எண் இறங்காமல் இருந்தாலோ, இறங்கியது மறுபடி ஏறினாலோதான் தேட வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதை உன்னிடம் சொல்ல மறந்தார்.

இன்னொன்று: நீ பார்த்த 128 லிட்டருக்கு மில்லிகிராம் கணக்கு. சில இடங்களில் இதே அளவை டெசிலிட்டர் கணக்கில் 12.8 என்று அச்சிடுவார்கள். அடுத்த அறிக்கையைப் பார்த்துவிட்டுப் பத்தில் ஒன்றாகிவிட்டது என்று கூத்தாடாதே.

வலது மார்புக்குக் கீழே ஓரிடம் இன்னும் மரத்தே கிடக்கிறது. விலா நரம்பு நாளாக ஆகச் சரியாகும் என்கிறார்கள். மூச்சுப் பயிற்சிக் கருவியில் இரண்டு பந்துகள் எழும்புகின்றன, மூன்றாவது அசைய மறுக்கிறது. அப்பா எதிரே உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருக்கிறார். நிணநீர் முடிச்சுகளின் பயாப்சி முடிவு வியாழக்கிழமை வரும். படம் எடுத்து அனுப்புவதற்கு முன் நானே உன்னைக் கூப்பிடுகிறேன்.

அன்புடன்,
அம்மா