நாள், கிழமை, மணி: நீக்கிய நான்கு வகுப்புகளைத் திருப்பித் தாருங்கள்

மதிப்பிற்குரிய பாடத்திட்டக் குழுவினருக்கு,

வணக்கம். வணிக ஆங்கிலப் பயிற்சியின் முதல் மாதத்தில் நாள், கிழமை, மணி ஆகியவற்றுக்கு ஒதுக்கியிருந்த நான்கு வகுப்புகளை எடுத்துவிட்டு, அந்த நேரத்தை மேடைப்பேச்சுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். அவை பள்ளிப் பிள்ளைகளுக்கே தெரிந்தவை என்று சுற்றறிக்கை காரணம் சொல்கிறது. பெங்களூரு அல்சூரில் ஒன்பது ஆண்டுகளாக மாலை வகுப்பு எடுத்து வருபவள் என்ற முறையில், அந்தக் காரணத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த நான்கு வகுப்புகளும் திரும்ப வர வேண்டும்.

புதிய பாடத்திட்டத்தில் பயின்ற முதல் அணியில், பீன்யாவில் ஓர் ஏற்றுமதி அலுவலகத்தில் வேலை பார்க்கும் மாணவி ஒருவர் இருக்கிறார். நியூயார்க்கில் உள்ள வாடிக்கையாளரோடு தனியாகப் பேசும் பொறுப்பு அவருக்கு முதன்முறையாகக் கிடைத்தது. இந்திய நேரப்படி வெள்ளிக்கிழமை 12.30 ஏ.எம். என்று மின்னஞ்சலில் எழுதியிருந்தது. ஏ.எம். என்றால் காலை, பி.எம். என்றால் மாலை என்றுதான் பள்ளியில் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பன்னிரண்டரை மணிக் காலை என்று ஒன்று இல்லாததால், அது இரவுதான் என்று சரியாகவே ஊகித்தார். ஆனால் வெள்ளிக்கிழமை இரவு என்றால் நமக்கு வெள்ளிக்கிழமைப் பகல் கழிந்து வரும் இரவு. பொழுது விடிந்தால்தான் நமக்குக் கிழமை மாறும். பஞ்சாங்கமும் சூரிய உதயத்திலிருந்தே நாளைக் கணக்கிடுகிறது. அலுவலக ஆங்கிலத்திலோ நள்ளிரவிலேயே கிழமை மாறிவிடுகிறது.

வீட்டில் பேசி அனுமதி வாங்கி, தம்பியை வண்டியில் கொண்டுவந்து விடச் சொல்லி, வெள்ளிக்கிழமை இரவு பதினொன்றரைக்கே அலுவலகத்துக்குப் போய், விலைப்பட்டியலையும் மாதிரித் துணிகளையும் மேசையில் பரப்பி வைத்துக்கொண்டு இரண்டு மணி வரை அவர் காத்திருந்தார். தம்பி வாசலிலேயே உட்கார்ந்திருந்தான். வாடிக்கையாளர் அதற்கு முந்தைய இரவே, தம் ஊரின் வியாழக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு, காத்திருந்து பார்த்துவிட்டுப் போயிருந்தார். திங்கட்கிழமை அந்தப் பொறுப்பு வேறொருவருக்குப் போயிற்று. அன்று மாலை வகுப்பு முடிந்ததும் அவர் என்னிடம் கேட்டது இதுதான்: "மேடம், நான் மெயிலை மூணு தடவை படிச்சேன். எந்த வார்த்தை எனக்குத் தெரியலை?"

அவருக்குத் தெரியாத வார்த்தை எதுவும் அதில் இல்லை. நீக்கப்பட்ட வகுப்புகளில் இரண்டாவது, இதற்கென்றே இருந்தது. கரும்பலகையில் நீளமாக ஒரு கோடு இழுத்து, நள்ளிரவில் தொடங்கி நள்ளிரவில் முடித்து, வியாழனும் வெள்ளியும் எந்த இடத்தில் தொட்டுக்கொள்கின்றன என்று காட்டுவோம். இத்தகைய அழைப்பு வந்தால், 'வியாழனுக்கும் வெள்ளிக்கும் இடைப்பட்ட இரவு' என்று ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதி உறுதிப்படுத்திக்கொள்ளும் பழக்கத்தையும் ஏற்படுத்துவோம். இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது. அந்த இருபது நிமிடம் அவருக்குக் கிடைக்கவில்லை.

மணி சொல்வதும் அப்படித்தான். ஆறே முக்கால் என்கிறபோது நாம் கடந்துபோன ஆறைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம். கன்னடத்திலும் அதே வழக்கம். 'குவார்ட்டர் டு செவன்' என்பவர் வரப்போகும் ஏழைப் பார்த்துப் பேசுகிறார். இந்தியில் ஏழுக்குக் கால் மணி குறைவு என்று பொருள்படும் 'பௌனே சாத்' இருப்பதால் இந்தி பேசுபவருக்கு இது தடையாவதில்லை. 'குவார்ட்டர் டு செவன்' என்று கேட்டதும் என் வகுப்பில் பாதிப்பேர் ஏழே கால் என்று குறித்துக்கொள்கிறார்கள். நாம் பதினைந்து நாள் என்பதை ஆங்கிலம் பதினான்கு இரவுகளாக எண்ணி 'ஃபோர்ட்நைட்' என்கிறது. 'பைவீக்லி' என்றால் வாரம் இருமுறையா, இரு வாரத்துக்கு ஒருமுறையா என்று ஆங்கிலேயரே கேட்டுத் தெளிய வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே இழுக்கிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை என்பதால், நியூயார்க்கோடு பேசும் நேரம் ஆண்டுக்கு இருமுறை நமக்கு மாறுகிறது. இவையெல்லாம் எந்தப் பள்ளிப் பிள்ளைக்குத் தெரிந்தவை என்று குழுவினர் சொல்ல வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 'பை ஃப்ரைடே', 'அன்டில் ஃப்ரைடே' இரண்டையும் குழப்பிக்கொள்ளாத மாணவரை நான் கண்டதில்லை. வெள்ளிக்கிழமைக்குள், வெள்ளிக்கிழமை வரை என்று தமிழில் சொன்னால் அந்தக் குழப்பம் ஒரு நொடியில் தீர்கிறது. ஆனால் வகுப்பில் தாய்மொழி கூடாது என்று விதி வைத்திருக்கிறீர்கள். பகலெல்லாம் உழைத்துவிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்த பணத்தைக் கட்டணமாகக் கட்டி வருகிறவர்களிடம், அவர்கள் ஏற்கெனவே அறிந்திருக்கும் ஒன்றைப் பயன்படுத்தாதே என்று சொல்வது எனக்கு மனவேதனை தருகிறது. இது தனியாக எழுத வேண்டிய விண்ணப்பம் என்பதை அறிவேன், பொறுத்தருள வேண்டும்.

மேடைப்பேச்சு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாம் மாதத்தில் அதற்கு இடம் இருக்கிறது. கூட்டம் என்றைக்கு, எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்பவர்தான் அங்கே போய்ப் பேச முடியும். எனவே, அடுத்த அணி தொடங்குவதற்கு முன்பாக, நாள், கிழமை, மணி பற்றிய நான்கு வகுப்புகளையும் முதல் மாதத்திலேயே மீண்டும் சேர்த்துத் தருமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அவற்றுக்கான பயிற்சித்தாள்களை இந்த மின்னஞ்சல் சம்பவத்தையும் சேர்த்துப் புதிதாக எழுதி வைத்திருக்கிறேன்; குழு கேட்கும் நாளில் நேரில் கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
மாலை வகுப்பு ஆசிரியை,
அல்சூர், பெங்களூரு