நாலு வாய்மை, நாலு வேலை

ஏகாம்பரகுப்பம், நகரி.

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. நீ அனுப்பிய குரல் பதிவில் மூன்று கேள்வி இருந்தது. ஜப்பானில் நீ போகிற கோயிலின் பெரியவரைப் போலக் கல்யாணம் செய்து பிள்ளைகுட்டியோடு இருக்கிறவர் பிக்குவே இல்லை, அங்கே நடப்பது பௌத்தமே இல்லை என்கிறான் உன் அறையில் இருக்கிற இலங்கைப் பையன். கோயிலில் கொடுத்த தாளில் "துக்கம் இல்லை, அதன் தோற்றம் இல்லை, நீக்கம் இல்லை, மார்க்கம் இல்லை" என்று இருக்கிறது. அப்படியானால் புத்தர் சொன்ன நாலு வாய்மை என்ன ஆயிற்று? மூன்றாவது, உட்கார்ந்தால் முட்டி வலி; வலி இல்லாத நாளில் தூக்கம். போனில் சொன்னால் பாதிதான் காதில் ஏறும். அதனால் எழுதுகிறேன்.

நாலு வாய்மையில் தொடங்கினால்தான் மற்ற முடிச்சுகள் அவிழும். துக்கம், அதன் காரணம், அதன் நீக்கம், நீக்கும் வழி என்று நாலு கருத்தாக நீயும் பள்ளியில் மனப்பாடம் செய்திருப்பாய். சாரநாத்தில் ஐந்து துறவிகளுக்குச் சொன்ன முதல் உரையில் இவை நாலு வேலையாக வருகின்றன. துக்கம் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டியது. காரணம் விட வேண்டியது. நீக்கம் கண்கூடாகக் காண வேண்டியது. வழி வளர்க்க வேண்டியது. ஒவ்வொன்றிலும் மூன்று படி உண்டு: இது இன்னது என்று அறிவது, இதற்கு இந்த வேலை என்று அறிவது, அந்த வேலை முடிந்தது என்று அறிவது. ஆகப் 12. இந்த 12-ம் தெளிவானபின்தான் விழிப்பு அடைந்ததாகச் சொல்லிக்கொண்டேன் என்கிறார் புத்தர்.

வேலைகள் இடம் மாறும்போதுதான் கோளாறு வருகிறது. துக்கத்தைத் தெரிந்துகொள்ளாமல் விட்டு ஓடப் பார்ப்பார்கள். காரணத்தை விடாமல் உட்கார்ந்து ஆராய்ச்சி செய்வார்கள். வழியை நடக்காமல் படத்தை மாட்டிப் பூப்போடுவார்கள். வேட்கையில் மூன்று வகை சொல்லப்படுகிறது: புலன் இன்பத்துக்கான வேட்கை, இப்படி ஆகவேண்டும் என்ற வேட்கை, இது இல்லாமல் ஒழியவேண்டும் என்ற வேட்கை. வலியை எப்படியாவது துரத்தவேண்டும் என்று பல்லைக் கடித்து உட்கார்கிறாயே, அது மூன்றாவது வகை. மருந்து என்று நினைத்து நோயையே சாப்பிடுகிறாய்.

நம்மவர்கள் "ஆசையே துன்பத்துக்குக் காரணம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். எனக்கு அந்த வரி பிடிக்காது. பழைய பௌத்த நூல்களின் மொழியான பாலியில் சொல் தண்ஹா, தாகம். மணிமேகலை அதை வேட்கை என்று சரியாகவே சொல்கிறது. ஒன்றைச் செய்யவேண்டும் என்கிற விருப்பத்துக்குப் பாலியில் வேறு சொல், சந்தம். மன ஆற்றலுக்கு அடிப்படையாகச் சொல்லும் நாலில் அதுதான் முதல். அதையும் சேர்த்து ஒழித்தால் மார்க்கத்தில் நடக்க யார் இருப்பார்கள்? துக்கம் என்பதும் வெறும் அழுகை இல்லை. நேரடி வலி ஒன்று. சுகமாக இருப்பது மாறிப்போவதால் வருவது ஒன்று. சார்ந்து உண்டானது எதுவும் நிலையாக நிற்காததால் வருவது ஒன்று. மூன்றாவது தெரிய நாளாகும்.

காரணத்தை எந்த இடத்தில் விடுவது? இதற்கு மணிமேகலையின் 30-ஆம் காதையை எடுத்துப் படி. காஞ்சியில் அறவண அடிகள் சொல்வதாக வருகிற 12 சார்பும் நல்ல தமிழில் இருக்கின்றன: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். முன்னது சார்பாகப் பின்னது. ஒரு சின்ன உதாரணம் போட்டுப் பார். மேலதிகாரியின் செய்தி போனில் வருகிறது. கண் வாயில். எழுத்து கண்ணில் பட்டது ஊறு. சுருக்கென்றது நுகர்வு. உடனே திருப்பிக் கொடுக்கவேண்டும் என்பது வேட்கை. "என்னை எப்படிச் சொல்லலாம்" என்பது பற்று. அதற்குமேல் விரல் தானாகத் தட்டும். சுருக்கென்பதை உன்னால் நிறுத்த முடியாது. அது வந்த பிறகுதான் தெரியும். பற்று வந்த பிறகு இழுத்துப் பிடிக்க பலம் போதாது. இழை அறுக்கக்கூடிய இடம் நுகர்வுக்கும் வேட்கைக்கும் நடுவில் இருக்கிறது. அந்த நொடி கண்ணில் படுவதற்குத்தான் உட்கார்ந்து பழகுவது; மனசு வெறுமையாவதற்கு இல்லை.

இனி உன் இலங்கை நண்பன். அவன் சொல்வதில் பாதி சரி. பழைய விநயத்தின்படி, அதாவது துறவிகளுக்கான ஒழுக்க விதித்தொகுப்பின்படி, பிக்கு உடலுறவு கொண்டால் சங்கத்தை இழக்கிறார். மீளமுடியாத நாலு குற்றத்தில் அதுவே முதல். இலங்கையில் இருக்கிற தேரவாதத்தில் பிக்குவுக்கு 227 விதி. சீனம், கொரியா பக்கம் தர்மகுப்தகர் என்ற பழைய பிரிவின் விநயம், 250. திபெத்தில் மூலசர்வாஸ்திவாதர் என்ற இன்னொரு பிரிவின் விநயம், 253. ஜப்பான் பாதை வேறு. தெந்தாய் பிரிவைத் தொடங்கிய சாய்சோ, பழைய விநயத்துக்குப் பதிலாகப் போதிசத்துவ விரதங்களை, அதாவது எல்லா உயிரையும் கரையேற்ற நிற்பவரின் விரதங்களை, வைத்தே துறவு தரவேண்டும் என்று கேட்டார். அவர் இறந்த 822-ல் அரசு அனுமதி வந்தது. 13-ஆம் நூற்றாண்டில், புத்தர் பெயரைச் சொல்லும் பக்தி வழியில் நின்ற ஷின்ரான் வெளிப்படையாகவே மனைவி மக்களோடு வாழ்ந்தார். 1872-ல் மெய்ஜி அரசு, மாமிசம், கல்யாணம், தலைமுடி எல்லாம் துறவியின் விருப்பம் என்று ஆணை போட்டது. ஆக, நீ பார்க்கிற பெரியவரைப் பிக்கு என்று நினைக்காதே. நம் ஊர்க் குருக்கள் மாதிரி, கோயிலைக் குடும்பமாகப் பார்த்துக்கொள்கிறவர் என்று வைத்துக்கொள். அவர் விநயத்தில் இல்லை என்பது உண்மை. அதனால் பௌத்தத்திலேயே இல்லை என்பது தாவல்.

விநயமும் கொள்கையும் இரண்டு தனிக் கணக்கு என்பது தெரியாததால் வருகிற சண்டை இது. பழங்காலத்தில் நிகாயம், அதாவது துறவிச் சங்கப் பிரிவு, பிரிந்ததில் விதிக்குப் பெரிய பங்கு உண்டு. புத்தருக்குப் பின் சுமார் நூறு ஆண்டில் வைசாலியில் வழக்குக்கு வந்த பத்து விஷயத்தில் முதலாவது, கொம்புக்குள் உப்பு சேர்த்து வைத்துக்கொள்ளலாமா என்பது! சிரிக்காதே, இன்று உப்பு என்றால் நாளைக்கு அரிசி. அந்தப் பத்தில் பொன்னும் வெள்ளியும் வாங்குவதும் இருந்தது. சீனம், ஜப்பான், திபெத் பக்கம் இருக்கிற மகாயானம் இப்படிப் பிரிந்த நிகாயம் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் இந்தியாவில் சுற்றிய சீனத் துறவி இத்சிங் எழுதியது இது: இரு தரப்புக்கும் விநயம் ஒன்றே, போதிசத்துவரை வணங்கி மகாயான சூத்திரம் படிப்பவர் மகாயானர், செய்யாதவர் மற்றவர். ஒரே விகாரையில் ஒரே பந்தியில் இருந்தவர்கள்.

கிருஷ்ணாக் கரையில் நாகார்ஜுனகொண்டாவைப் பற்றி அவனிடம் சொல். இக்ஷ்வாகு அரசர் காலத்துக் கல்வெட்டுகளில் அபரசைலர், பகுசுருதீயர், மகீசாசகர் என்று பல பிரிவின் பெயர் ஒரே பள்ளத்தாக்கில் வருகிறது. போதிசிரி என்கிற உபாசிகை, தாம்பபண்ணித் தேரர்களுக்காகச் சைத்தியம் எடுத்த கல்வெட்டும் அங்கேதான். தாம்பபண்ணி என்றால் இலங்கை, அவன் ஊர். அணை கட்டியபோது பள்ளத்தாக்கு தண்ணீருக்குள் போய்விட்டது. எடுத்துவைத்தவை தீவாக நிற்கும் குன்றின்மேல் இருக்கின்றன, படகில் போகவேண்டும். காஞ்சியும் அப்படித்தான். பௌத்த தர்க்க அறிஞர் திக்நாகர் அந்தப் பக்கத்தவர் என்பது மரபு. நாலந்தாவில் புகழ்பெற்ற தர்மபாலர் காஞ்சியில் பிறந்தவர். ஜென் வழியைச் சீனத்துக்குக் கொண்டுபோனதாகச் சொல்லும் போதிதர்மரைப் பற்றி மட்டும் கொஞ்சம் அடக்கிப் பேசு. ஒரு பழைய சீன ஏடு அவரைத் தென்னிந்தியர் என்கிறது, இன்னொன்று பாரசீகர் என்கிறது. பல்லவ இளவரசர் என்று மேசையைத் தட்டிச் சொல்ல ஆதாரம் போதாது.

இப்போது அந்தத் தாள். அது இதய சூத்திரம், மகாயானத்தின் ஒரு சிறிய நூல். "இல்லை" என்பதை மகாயான ஆசிரியர் நாகார்ஜுனர் வழியாகப் படித்தால்தான் விளங்கும். நம் தெருத் தறியை நினைத்துக்கொள். பாவு நூலைப் பிரித்துப் பார், அதில் துணி இல்லை. ஊடையில் தேடு, அதிலும் இல்லை. நாடாவிலும் இல்லை, நெய்கிறவர் கையிலும் இல்லை. ஆனாலும் வேட்டி கட்டிக்கொள்கிறோம். எல்லாம் சேர்ந்தபோது துணி. துணிக்கென்று தனியாக ஒரு சொந்த இயல்பு கிடையாது. இதைத்தான் சூனியம் என்கிறார். அவருடைய நூலான மூல மத்தியமக காரிகையின் 24-ஆம் அத்தியாயத்தில் உன் கேள்வியையே எதிராளி கேட்கிறான்: எல்லாம் சூனியமானால் நாலு வாய்மையும் போயிற்றே? அவர் திருப்பிக் கேட்கிறார்: துக்கத்துக்குச் சொந்த இயல்பு இருந்தால் அது மாறவே மாறாதே, அப்புறம் எதை நீக்குவாய்? சார்ந்து தோன்றுவது எதுவோ அதையே சூனியம் என்கிறோம் என்று முடிவு கட்டுகிறார். ஆக, அந்தத் தாள் நாலு வேலையையும் ரத்து செய்யவில்லை. வேலை நடக்க இடம் விட்டுக் கொடுக்கிறது. இதைத் தப்பாகப் பிடிப்பது பாம்பைத் தப்பாகப் பிடிப்பது போல என்றும் அதே அத்தியாயத்தில் எச்சரிக்கை இருக்கிறது. "எல்லாம் மாயை, வாடகை எதற்கு" என்கிறவன் வாலைப் பிடித்தவன்.

யோகாசாரர் என்ற இன்னொரு மகாயானப் பிரிவினர் கேட்பது வேறு: துணியை விடு, துணி என்று காண்கிற மனசு எப்படி வேலை செய்கிறது? எட்டு வகை அறிவு சொல்கிறார்கள். எட்டாவது வித்துகளின் களஞ்சியம். அது இப்போது உனக்குத் தேவையில்லை.

உன் கோயிலில் தினமும் "நமு அமிதா புட்சு" என்று சொன்னால் அது சுகாவதி வழி. சுகாவதி என்ற தூய நாட்டின் புத்தரான அமிதாபர் எடுத்த 48 உறுதிகளில் 18-ஆவதை நம்பி நிற்பது. திருப்பதிக்குப் பக்கத்தில் வளர்ந்தவனுக்கு இது சுலபம்: குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்ளும், பூனைக்குட்டியைத் தாய் கவ்விக்கொண்டு போகும் என்று வைணவர் சொல்வார்களே, தியானத்தை நம்பும் ஜென்காரர் குரங்குக்குட்டி, ஷின்ரான் பூனைக்குட்டி. "நான் சாதிக்கிறேன்" என்பதிலேயே பற்று ஒளிந்திருக்கிறது என்பது ஷின்ரான் பக்கத்து நியாயம். அவருக்கு அந்தப் பெயரைச் சொல்வது வரம் வாங்கும் விலை இல்லை, நன்றி. உன் நண்பனுக்கு இது பிடிக்காது. பிடிக்கவேண்டும் என்றும் இல்லை. கடலுக்கு ஒரே சுவை உப்பு, இந்தத் தம்மத்துக்கு ஒரே சுவை விடுதலை என்று உதானம் என்கிற பாலி நூலில் வருகிறது. உப்பு தமிழிலும் உப்பு, தெலுங்கிலும் உப்பு. ஆனால் கொள்கை வித்தியாசமே இல்லை என்று பூசி மெழுகவும் வேண்டாம். இருக்கிறது, பெரியதாகவே இருக்கிறது.

உட்காருவது. மெத்தையின் முன் மூன்றில் ஒரு பங்கில் உட்கார். இரண்டு முட்டியும் தரையைத் தொடவேண்டும். அந்தரத்தில் நின்றால் இடுப்புக்குக் கீழே இன்னொரு துண்டை மடித்து வை. உன் முட்டி வலிக்குப் பெரும்பாலும் உயரம் போதாததுதான் காரணம். முட்டிக்குள் குத்தல் வந்தால் காலை மாற்று, அதில் வீரம் வேண்டாம். மரத்துப்போனால் பயமில்லை, ஆனால் உணர்ச்சி திரும்பாமல் எழுந்திருக்காதே, விழுவாய். சாப்பிட்ட கையோடு உட்காராதே. முதலில் 15 நிமிஷம் போதும்.

மூச்சை இழுத்து விடாதே. அது வருகிறபடி வரட்டும், நீ எண்ணு. விசுத்திமக்கம் என்கிற பழைய தேரவாதத் தியான நூல் கணக்குச் சொல்கிறது: ஐந்துக்குக் குறைவாக நிறுத்தாதே, பத்தைத் தாண்டாதே. ஐந்துக்குக் குறைந்தால் சின்னப் பட்டியில் அடைத்த மாடு மாதிரி மனசு முட்டிமோதும். பத்தைத் தாண்டினால் மூச்சை விட்டு எண்ணிக்கையைப் பிடித்துக்கொள்ளும். முதலில் நெல் அளக்கிறவர் மாதிரி நிதானமாக எண்ணச் சொல்கிறது. நம் களத்தில் "லாபம்" என்று தொடங்கி, மரக்கால் நிரம்பிக் கொட்டுகிறவரை அந்தச் சொல்லை இழுப்பார்களே, அதே வேகம். மூச்சு சீரானபின் கொஞ்சம் விரைவாக. எண்ணிக்கை தவறினால் ஒன்றிலிருந்து, திட்டாமல்.

தூக்கத்துக்கு, தம் சீடர் மொக்கல்லானருக்குப் புத்தர் சொன்ன பட்டியலே இருக்கிறது. படித்ததை நினைவுபடுத்து, வாய்விட்டுச் சொல், காதை இழுத்துவிட்டுக் கை கால் தேய், எழுந்து முகம் கழுவி நட்சத்திரத்தைப் பார், வெளிச்சத்தை மனசில் கொண்டுவா, நட. அதற்கும் போகவில்லையென்றால் வலப்பக்கமாகப் படு, விழித்ததும் எழுந்திரு. காதை இழுப்பது தோப்புக்கரணம் போட்டவனுக்குப் புதிதா? கண்ணை முழுக்க மூடாமல் பாதி திறந்து வைப்பதும் உதவும், ஜென்காரர் அப்படித்தான் செய்கிறார்கள்.

நீ சொன்னதை வைத்து உன் கோயில் எந்தப் பிரிவு என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. இதய சூத்திரம் கொடுத்திருப்பதால் ஷின்ரான் வழியாக இருக்க வாய்ப்பு குறைவு. அவர்கள் அதை ஓதுவதில்லை. ஜென்னின் இரண்டு பிரிவில் சோதோவா ரின்சாயா என்று பார்க்க ஒரு சுலபமான வழி: சுவரைப் பார்த்து உட்கார்ந்தால் சோதோ, நடுவைப் பார்த்து எதிரெதிராக உட்கார்ந்தால் ரின்சாய். நடுச் சிலை சாக்கியமுனியா, வைரோசனரா என்றும் கவனி. வைரோசன புத்தர் என்றால் கூக்காய் தொடங்கிய ஷிங்கோன் என்ற பிரிவாக இருக்கலாம், அது வேறு கதை. வாசல் பலகையைப் படம் எடுத்து அனுப்பு.

அப்பாவுக்கு உன் குரலைப் போட்டுக் காட்டினேன். குளிர் வந்துவிட்டதாம் அங்கே. உட்காரும்போது முட்டியின்மேல் கம்பளி போட்டுக்கொள்.

அம்மா