வண்டி வாங்குறது சரி, ஸ்பேர் எங்க கெடைக்கும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

வெடிகுண்டை செயலிழக்க வைக்கிற வண்டிகளை அரசாங்கம் வாங்குறதப் பத்தியும் அதுல வெளிநாட்டு கம்பெனிகளுக்கு என்ன வாய்ப்பு இருக்குன்னும் படிச்சேன். நான் கன்னியாகுமரி மாவட்டம் சின்னமுட்டத்துல போட் இன்ஜின் வேல பாக்குறவன், உப்புக்காத்து ஒரு மெஷின என்ன செய்யும்னு தெனமும் கண்ணால பாக்குறேன், அதனால தான் எழுதுறேன்.

ரெண்டு வருஷம் முன்னால மீன்பிடி தடைக்காலம் முடிஞ்சு ஜூன் 15 எல்லாரும் கடலுக்கு போறாங்க, ஒரு போட்டுல மட்டும் வெளிநாட்டு கியர்பாக்ஸோட ஆயில் சீல் போயிட்டு. உள்ளங்கையில அடங்குற ரப்பர் வளையம் தான். வித்த ஏஜென்ட் மொதல்ல போனே எடுக்கல, அப்புறம் கப்பல்ல வருது கப்பல்ல வருதுன்னு சொல்லி ஏழு வாரம் ஓட்டிட்டாரு, அந்த போட்ட நம்பி இருந்தவங்க அத்தன பேருக்கும் வேல இல்ல.

இப்ப வாங்கப்போற குண்டு எடுக்குற ரோபோ வண்டி இப்படி நின்னா என்ன ஆவும்? ஒரு போலீஸ்காரர் முப்பது கிலோவுக்கு மேல எடை வர்ற பாதுகாப்பு உடுப்ப மாட்டிக்கிட்டு, நம்ம ஊரு வெயில்ல, குண்டு இருக்குற எடத்துக்கு தானே நடந்து போவணும். அப்படி ஆள் சாவக்கூடாதுன்னு தான் 1972ல பிரிட்டிஷ் ராணுவம், அப்ப அடிக்கடி குண்டு வச்சுக்கிட்டிருந்த வடக்கு அயர்லாந்துக்காக மொத ரோபோவ செஞ்சது. நம்ம மத்திய அரசோட பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு டிஆர்டிஓ செஞ்ச தக்ஷ் ரோபோவும் 500 மீட்டர் தள்ளி நின்னு ஓட்டுறது தான், எக்ஸ்ரே எடுக்கும், தண்ணிய பீச்சி அடிச்சு குண்டோட சர்க்யூட்ட செதறடிக்கும். நம்மளாலயும் முடியும்னு காட்டுன வண்டி அது.

வெளிநாட்டுக்காரங்க வரவேண்டாம்னு நான் சொல்லல. மத்திய அரசு கொள்முதல்ல 2020லேர்ந்து 200 கோடிக்கு கீழ பொதுவா வெளிநாட்டு கம்பெனிங்கள நேரா கூப்பிடுற குளோபல் டெண்டர் கெடையாது, உள்நாட்டு பங்கு 50 சதவீதம் இருக்குற பொருளுக்கு தான் முன்னுரிமை, அதனால அவங்க இங்க ஒரு கம்பெனியோட சேந்து தான் வரவேண்டியிருக்கு. நல்லது தான், ஆனா அந்த சேர்க்கை பேப்பர்ல மட்டும் இருந்து, இங்க உள்ளவர் பில் போடுறதோட நிறுத்திக்கிட்டாருன்னா அந்த ஆயில் சீல் கதை தான் மறுபடியும். இங்கேயே ஒர்க்‌ஷாப் வச்சு, இங்க உள்ள பசங்களுக்கு வேல கத்துக்குடுக்குற கம்பெனி எந்த நாட்டுக்காரன்னாலும் வரட்டும்.

எங்க மாவட்டத்துக்குன்னு வாங்குனா இன்னும் ரெண்டு விஷயம் பாக்கணும். கடலோரத்துல கனெக்டர் பின்னு ஒரே சீசன்ல பச்ச பூத்துடும், வயர தொட்டா பொடிஞ்சு கையோட வரும், மேல பாத்தா பெயின்ட் புதுசா தான் இருக்கும். அதனால உப்புத்தண்ணிய தெளிச்சு துரு தாங்குதான்னு பாக்குற சால்ட் ஸ்ப்ரே டெஸ்ட் ரிப்போர்ட் டெண்டர்லயே கேக்கணும். அடுத்தது ரோடு. கோட்டாறு சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை, சுசீந்திரம் தேரோட்டம், கூட்டம் கூடுற எடம் எல்லாமே சின்ன தெரு தான். குண்ட உள்ள வச்சு பூட்டுற அந்த உருண்ட இரும்பு பாத்திரம், உள்ள வெடிச்சாலும் அழுத்தத்த வெளிய விடாது, ஆனா அத ஏத்துன பெரிய லாரி முட்டம் சந்துக்குள்ள திரும்புமா? சின்ன வண்டி, பின்னால டிரெய்லர், அது தான் இங்க சரிப்படும்.

வெறும் விலைய பாத்து, கொறச்சு கேட்டவன் தான் எல்1னு முடிச்சிடாதீங்கன்னு அதிகாரிங்கள கேட்டுக்குறேன். பத்து வருஷ ஸ்பேரும் வருஷாந்திர பராமரிப்பு ஒப்பந்தமும் (ஏஎம்சி) சேத்து விலை கேளுங்க. அடிக்கடி போற பாகங்கள நாகர்கோவில்ல ஸ்டாக் வைக்கச் சொல்லுங்க, கோணம் ஐடிஐ பசங்கள்ல நாலு பேரயாவது டிரெயினிங்க்கு எடுக்கச் சொல்லுங்க. டெண்டர் போடுறதுக்கு முன்னால நடக்குற ப்ரீ பிட் மீட்டிங்லயே ஒவ்வொரு கம்பெனிகிட்டயும், ஒரு சீல் போனா எத்தன நாள்ல நாகர்கோவிலுக்கு வரும்னு கேட்டு எழுத்துல வாங்குங்க, தவறுனா நாளுக்கு இவ்வளவு அபராதம்னும் போடுங்க.

இப்படிக்கு,
ஒரு போட் மெக்கானிக்,
சின்னமுட்டம், கன்னியாகுமரி மாவட்டம்