மூன்று மணிக்கு மேல் பறக்க விடுங்கள்

அடுத்த முறை மெரினாவில் விமான சாகச நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் பறக்கும் நேரத்தைக் குறிக்கிறவராக இருந்தாலும் சரி, மணலில் பந்தலும் தண்ணீர்த் தொட்டியும் வைக்கிறவராக இருந்தாலும் சரி, இந்த மடல் உங்கள் எல்லோருக்கும்தான். நான் போர் விமானங்களைப் படம் எடுக்கிறவன். அது என் தொழில் இல்லை, விடுமுறை நாட்களில் லென்ஸைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும் பல நூறு பேரில் நானும் ஒருவன். கேட்பது ஒன்றே ஒன்று: நிகழ்ச்சியை உச்சிவெயிலில் வைக்காதீர்கள். பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வையுங்கள்.

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படையின் 92ஆம் ஆண்டு விழாவுக்காக காலை 11 மணியிலிருந்து பகல் 1 மணி வரை மெரினாவில் 72 விமானங்கள் பறந்தன. ரஃபேல், சுகோய், தேஜஸ், மிராஜ், ஜாகுவார், பழைய புரொப்பெல்லர் விமானங்களான டகோட்டா, ஹார்வர்டு, சூரிய கிரண் ஜெட் சாகசக் குழு, சாரங் ஹெலிகாப்டர் குழு என்று எல்லாமே வந்தன. சென்னைக்கு 21 வருடம் கழித்துக் கிடைத்த காட்சி, அதனால் லட்சக்கணக்கில் ஜனம் வந்தது. அன்று ஐந்து பேர் இறந்துபோனார்கள். வெயிலும் நீர்ச்சத்துக் குறைந்ததும்தான் காரணம் என்று செய்திகள் வந்தன, நிறையப் பேர் மயங்கி விழுந்து மருத்துவமனைக்குப் போனார்கள். படம் எடுப்பதைப் பற்றி எழுத வந்தவன் இதை முதலில் சொல்லாமல் மேலே போக முடியாது, ஏனென்றால் நான் கேட்கிற நேர மாற்றம் கேமராவுக்காக என்று தொடங்கினாலும் போய்ச் சேர்வது அந்த ஐந்து பேரிடம்தான்.

மெரினா கிழக்கைப் பார்த்த கடற்கரை. கூட்டம் மணலில் நிற்கிறது, விமானங்கள் கடல் மேலே பறக்கின்றன, ஆக எல்லோரும் பார்ப்பது கிழக்கு. காலையில் சூரியன் அந்தப் பக்கம்தான் இருக்கும், முழு எதிர்வெயில். அக்டோபர் முதல் வாரத்தில் சென்னையில் பகல் 12 மணிக்குக் கிட்டத்தட்ட தலைக்கு மேலே, கொஞ்சம் தெற்கே சாய்ந்து நிற்கும். அந்த நேரத்தில் நேராகப் பறந்து போகும் விமானத்துக்கு வெளிச்சம் எல்லாம் முதுகில் விழுந்துவிடும், நமக்குத் தெரிகிற வயிறும் பக்கவாட்டும் இருட்டாகவே இருக்கும். வானமோ வெளுத்துப் போயிருக்கும். சாம்பல் நிற ரஃபேலும் சாம்பல் நிற சுகோயும் அந்த வெள்ளையில் கறுத்த உருவங்களாகத்தான் போகும், வாலில் இருக்கும் மூவர்ணத்தைக்கூடத் தேடித்தான் பிடிக்க வேண்டும். சூரிய கிரண் விடும் வெள்ளைப் புகை வெள்ளை வானத்தில் பாதி கரைந்துவிடும். இதோடு மணலும் கொதிக்கும். அதிலிருந்து எழும் கானலுக்குள் தாழ்வாக வரும் விமானத்தை 500, 600 மில்லிமீட்டர் லென்ஸில் பிடித்தால், எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய லென்ஸாக இருந்தாலும் விளிம்பெல்லாம் நெளிந்துதான் விழும். அதை அப்புறம் எந்த மென்பொருளிலும் சரிசெய்ய முடியாது.

இப்போது அதே இடத்தில் மூன்றரை மணியை யோசித்துப் பாருங்கள். சூரியன் சேப்பாக்கம், திருவல்லிக்கேணி பக்கம் இறங்கி நம் முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். அடிவானத்திலிருந்து பார்த்தால் சுமார் 35 டிகிரி உயரம்தான், வெளிச்சம் விமானத்தின் பக்கவாட்டில் நேராக விழும். பின்னால் இருக்கும் கடலும் கிழக்கு வானமும் நல்ல நீலமாகத் தெரியும். ரஃபேல் கரையைப் பார்த்து முதுகைக் காட்டித் திரும்பும்போது கண்ணாடிக் கூட்டுக்குள் விமானியின் ஹெல்மெட் வரைக்கும் தெரியும். கடலோரக் காற்றில் ஈரப்பதம் அதிகம், அதனால் இறுக்கித் திரும்பும் ஒவ்வொரு தடவையும் இறக்கை மேலே வெள்ளையாக நீராவி பொங்கும். உலர்ந்த ஊர்களில் இது இவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. மெரினாவுக்கு இயற்கையே கொடுத்த வரம் இது, அதை உச்சிவெயிலில் வெளுத்த வானத்தில் தொலைத்துவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

சாரங் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூர் பக்கத்தில் சூலூரில் இருக்கும் குழு, நம்ம ஊர்க் குழு. உடம்பில் மயில் வரைந்த துருவ் ஹெலிகாப்டர்கள். ஜெட்டுக்கு ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தை ஆயிரத்தில் ஒரு நொடிக்கும் குறைவாக வைக்கலாம், ஹெலிகாப்டருக்கு அப்படி வைத்தால் சுழலும் விசிறி அப்படியே உறைந்து, பொம்மையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட மாதிரி இருக்கும். அதனால் இருநூறில் ஒரு நொடி, இன்னும் கை நிலையாக இருப்பவர்கள் அதைவிட மெதுவான வேகத்துக்கும் போவார்கள். டகோட்டாவுக்கும் ஹார்வர்டுக்கும் இதே கதைதான், புரொப்பெல்லர் சுற்றுவது தெரிய வேண்டும். நண்பகல் வெளிச்சத்தில் இந்த வேகத்துக்கு இறங்கினால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸுக்குள் வெளிச்சம் வரும் துவாரத்தை, ரொம்பவும் மூட வேண்டியிருக்கும், சென்சார் மேலே இருக்கும் தூசியெல்லாம் வானம் முழுக்கப் புள்ளிகளாக விழும். மாலையில் இந்தத் தொல்லை பாதி குறைந்துவிடும். மயிலின் நிறமும் மயில் நிறமாகவே வரும்.

கேமரா இல்லாதவர்களுக்கும் இதே கணக்குதான். அங்கே நின்றவர்களில் பெரும்பாலோர் கையில் செல்போன்கூட எடுக்காமல் நெற்றிக்குக் கை கொடுத்து அண்ணாந்து பார்த்தவர்கள், குழந்தையைத் தோளில் தூக்கி வைத்திருந்தவர்கள். கேமராவுக்குக் கெட்ட நேரம் கண்ணுக்கும் கெட்ட நேரம், உடம்புக்கும் கெட்ட நேரம். பிற்பகலில் கடற்காற்று எழுந்துவிடும் என்பது சென்னையில் யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை.

கலைந்து போவதையும் சேர்த்து யோசியுங்கள். ஒரு மணிக்கு நிகழ்ச்சி முடிந்தால் கொதிக்கிற மணலில் யாரும் நிற்க மாட்டார்கள், மொத்தக் கூட்டமும் ஒரே நேரத்தில் கிளம்பும். அன்று பறக்கும் ரயில் நிலையங்கள் எப்படித் திணறின என்று ஊரே பார்த்தது. ஐந்து மணிக்கு முடிந்தால் பாதிப் பேர் கிளம்பவே மாட்டார்கள், காலை நனைப்பார்கள், சுண்டல் வாங்குவார்கள், இருட்டிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குப் போவார்கள். மெரினாவின் பழக்கமே அதுதான்.

மழை வரும் என்பீர்கள். நியாயமான கேள்வி. அக்டோபர் தொடக்கத்தில் மாலை இடிமழை சென்னைக்குப் புதிதில்லை, காலையில் வானம் நம்பகமானது என்று நீங்கள் நினைப்பதில் தவறில்லை. ஆனால் அதற்கு மாற்று வழி உண்டு, ஒரு மாற்று நாளை முன்பே அறிவித்து வைக்கலாம். ஆண்டு விழாதான் விமானப்படை நாளான அக்டோபர் 8ஐ ஒட்டி வர வேண்டும், மற்ற காட்சிகளை ஜனவரி, பிப்ரவரிக்குத் தள்ளினால் மழையும் ஓய்ந்திருக்கும், வெயிலும் தணிந்திருக்கும். 2022இல் சண்டிகரில் இதே ஆண்டு விழா சாகசம் சுக்னா ஏரி மேலே பிற்பகலில்தான் நடந்தது, ஆக பிற்பகலில் பறப்பது முடியாத காரியம் இல்லை.

அப்படியும் மாலை முடியவே முடியாது என்றால் காலை ஏழு மணிக்கு வைத்து ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். அது முழு எதிர்வெயில், எங்கள் படங்கள் மொத்தமும் கறுப்பு உருவங்களாகத்தான் வரும். பரவாயில்லை, யாரும் மயங்கி விழாமல் வீட்டுக்குப் போனால் போதும்.

இன்னும் இரண்டு சின்ன வேண்டுகோள். எந்த விமானம் எதற்குப் பிறகு வரும் என்ற வரிசையை முந்தின நாளே வெளியிடுங்கள், நிமிடக் கணக்கு வேண்டாம், வரிசை போதும். ஹெலிகாப்டருக்கு வைத்த ஷட்டர் வேகத்தோடு இருக்கும்போது பின்னாலிருந்து சுகோய் இடிச்சத்தத்தோடு வந்தால் அந்த ஒரு தடவை போனது போனதுதான். இரண்டாவது, கேமராவுக்கு என்ன விதி என்பதைத் தமிழில் எழுதி வாசலில் ஒட்டுங்கள். வேறொரு ஊர் நிகழ்ச்சியில் என் லென்ஸின் நீளத்தைப் பார்த்தே உள்ளே விட மறுத்தார்கள், அரை மணி நேரம் கழித்து இன்னொரு வாசலில் அதே லென்ஸோடு சிரித்துக்கொண்டே உள்ளே விட்டார்கள். டிரோன் கூடாது, படைத்தளத்தின் உள்ளே படம் எடுக்கக் கூடாது, இதெல்லாம் எங்களுக்குத் தெரியும், மதிக்கிறோம். பொதுமக்களை அழைத்துக் காட்டும் காட்சியில் எது சரி, எது கூடாது என்று ஒரு தாளில் இருந்தால் வாசலில் நிற்கும் காவலருக்கும் நிம்மதி.

நேரத்தைக் குறிப்பதற்கு முன்னால் ஒரே ஒரு நாள் மெரினாவுக்கு வாருங்கள். காந்தி சிலைக்கு நேரே மணலில் இறங்கி, பகல் பன்னிரண்டுக்கு ஒரு தடவை, மாலை நாலு மணிக்கு ஒரு தடவை, கடல் பக்கம் வட்டமிடும் பருந்தை அண்ணாந்து பாருங்கள். பகலில் அது வெறும் கறுப்பு. நாலு மணிக்கு இறகு இறகாக எண்ணலாம்.

அன்புடன்,
அன்றும் இன்றும் மணலில் நிற்கிற ஒருவன்