அக்காவின் நாவலை முடிக்க விடாதவர்களுக்கு

அன்புடையீர்,

அக்காவின் நாவல் நூலாகி இன்று என் மடியில் கிடக்கிறது. கடைசிப் பக்கத்தில் ஒன்பது வரிதான் அச்சாகியிருக்கிறது. கீழே வெறும் தாள். கடைசி வரிக்கு முற்றுப்புள்ளிகூடக் கிடையாது. அந்த வெற்றிடத்தை அப்படியே காப்பாற்றித் தந்தவர்களுக்குத்தான் இந்த மடல்.

வீட்டில் இதற்குக் 'கதை நோட்டு' என்று பெயர். லாங் சைஸ் நோட்டு ஐந்து, நடுநடுவே செருகிய காலண்டர் தாள்கள். "சொந்தக் கதையா?" என்று கேட்டால், "சொந்தம்தான், ஆனா கதை" என்பாள். முதல் பக்கத்தில் மூன்று தலைப்பு எழுதி மூன்றையும் அடித்திருந்தாள். அதனால் வீட்டுப் பெயரையே நூலுக்கும் வைத்துவிட்டோம்.

முதல் நன்றி அக்காவின் கல்லூரித் தோழிக்கு. மூன்றாவது நோட்டைத் தொலைத்தவள் நான். அச்சுக்குக் கொண்டுவருகிறேன் என்று சொன்ன ஒருவரை நம்பிக் கொடுத்தேன். நகல் எடுத்து வைக்கத் தோன்றவில்லை. இரண்டு வருடம் கேட்டு அலைந்தும் நோட்டு திரும்பவில்லை. ஏழு அத்தியாயம் போயிற்று என்று அழுது ஓய்ந்திருந்தபோது உங்கள் போன் வந்தது. "அவ எனக்குப் படிக்கத் தந்தப்பவே ஜெராக்ஸ் எடுத்து வச்சிட்டேன்டி. கோபம் வந்தா கிழிச்சுப் போட்டுடுவா, அவளை எனக்குத் தெரியாதா?" என்றீர்கள். அந்தக் கட்டோடு அவள் உங்களுக்கு எழுதிய கடிதங்களையும் தந்தீர்கள். எந்த அத்தியாயம் முன்னே, எது பின்னே என்று நாங்கள் குழம்பி நின்ற மூன்று இடங்களில் இரண்டு அந்தக் கடிதங்களால்தான் தெளிந்தன.

டைப் செய்து தந்த பெண்ணே, உனக்கு எப்படி நன்றி சொல்வது? தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்த பிறகும் அக்கா பழைய எழுத்தை விடவில்லை. அவள் நோட்டில் லையும் னையும் தும்பிக்கை தூக்கி நிற்கும். ணா, றா, னா மூன்றும் கால் இல்லாமல் சுழித்துக்கொண்டு போகும். முதல் நாள் "இது என்ன எழுத்துங்க?" என்று கேட்டவள், ஒரு வாரத்துக்குள் ஓர் அட்டையில் பழைய எழுத்தை இடப்பக்கமும் புதியதை வலப்பக்கமும் எழுதி மேசையில் சாய்த்து வைத்துவிட்டாய்.

அது போதாதென்று, அவள் கையெழுத்தில் காலும் ரகரமும் ஒன்றுபோல இருக்கும். 'தாம்' எது, 'தரம்' எது என்று இடம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். பதினாலாம் அத்தியாயத்தில் ஒரு வரியை நாங்கள் எல்லோரும் 'காம்பில் பூத்த பூ' என்று வாசித்துவிட்டுக் கடந்துபோனோம். நீதான் நிறுத்தினாய். "பூன்னா காம்புலதான் பூக்கும். இதைப் போய் அவங்க எழுதுவாங்களா?" என்றாய். லென்ஸ் வைத்துப் பார்த்தோம். 'கரம்பில் பூத்த பூ.' உழாமல் கிடந்த நிலத்தில் பூத்தது. அந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் நிற்கிறது. நீ இல்லாவிட்டால் அது ஒரு காம்போடு போயிருக்கும்.

அக்காவின் மகனுக்கும் மகளுக்கும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஆசிரியர் மறைந்த பிறகு வெளிவரும் நூலுக்கு, அது வெளிவந்த அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு உரிமை உண்டு. உயில் இல்லாததால் அந்த உரிமை உங்கள் இருவருக்கும் உரியது. உங்கள் அப்பாவைப் பற்றிய பக்கங்களைப் படித்துவிட்டும் இருவரும் கையெழுத்துப் போட்டீர்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

அண்ணா, உனக்கு நாவலில் வேறு பெயர். ஆனாலும் நம் சொந்தத்தில் யார் படித்தாலும் நீ என்று தெரிந்துவிடும். அக்காவின் படிப்பை நீ நிறுத்தப் பார்த்த அத்தியாயத்தை உனக்கு வாசித்துக் காட்டியபோது எனக்குக் குரல் எழும்பவில்லை. நீ கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாய். முடித்ததும் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நான் அடிச்சதை எழுதாம விட்டுட்டாளே" என்றாய். எழுந்து போகும்போது, "அப்படியே போடு. ஒரு எழுத்தும் மாத்தாதே" என்றாய். இந்த நூலுக்கு வந்த முதல் விமர்சனம் அதுதான். அதைவிட நேர்மையான ஒன்று இனி வரும் என்று தோன்றவில்லை.

பதிப்பாசிரியர் அம்மாவுக்கு நான் நன்றியும் சொல்ல வேண்டும், மன்னிப்பும் கேட்க வேண்டும். பதினோராம் அத்தியாயத்தில், அப்பா சாகும் இடத்தில், அதுவரை 'அவள்' என்று எழுதிவந்த அக்கா 'நான்' என்று எழுதத் தொடங்கிவிடுகிறாள். முதல் இரண்டு பக்கத்தில் 'நான்' எல்லாவற்றையும் அடித்து மேலே 'அவள்' என்று திருத்தியிருக்கிறாள். மூன்றாம் பக்கத்திலிருந்து திருத்தவில்லை. எல்லாவற்றையும் 'அவள்' ஆக்கிவிடலாம் என்றேன். நீங்கள் ஒத்துக்கொள்ளவில்லை. "அவங்களாலயே முடியலை, நாம யாரு?" என்றீர்கள். இராமபாணப் பூச்சி அரித்து வாசிக்க முடியாமல் போன சொற்களையும் ஊகித்து நிரப்பவில்லை. பகர அடைப்புக்குள் புள்ளிகள் வைத்தீர்கள்.

அதைவிடப் பெரிய சண்டை முடிவைப் பற்றியது. கணவன் வீட்டைவிட்டுக் கிளம்பி, கைக்குழந்தையோடு இரவில் பிறந்த வீட்டுக் கதவைத் தட்டும் இடம். 'கதவு திறந்தது. உள்ளே' என்பதோடு நாவல் நின்றுவிடுகிறது. அந்தக் கதவைத் திறந்தவள் நான். எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. நான் என்ன சொன்னேன், அவள் என்ன சொன்னாள், குழந்தையை யார் வாங்கினார்கள், எல்லாம் இன்றும் என் கண்முன் நிற்கிறது. பதினோரு பக்கம் எழுதி உங்களிடம் கொடுத்தேன். படித்தீர்கள். "நல்லா இருக்கு. ஆனா இது உங்க கதை, அக்காவோடது இல்லை" என்றீர்கள்.

எனக்குக் கோபம் வந்தது. நீங்கள் பொறுமையாக உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' பற்றிச் சொன்னீர்கள். ஆனந்த விகடனில் 1940-லிருந்து வாராவாரம் வந்துகொண்டிருந்தபோதே, 1942 ஏப்ரலில் ஐயர் மறைந்தார். நூலாக 1950-ல் வந்தபோதும் அவர் நிறுத்திய இடத்திலேயேதான் நின்றது. மிச்ச வாழ்க்கையை மாணவர் கி.வா.ஜகந்நாதன் 'என் ஆசிரியப் பிரான்' என்று தன் பெயரில் தனி நூலாக எழுதினார். பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு 1960-ல் கார் விபத்தில் இறந்தபோது பையில் கிடைத்த 144 பக்கக் கையெழுத்துப் பிரதியையும் காட்டினீர்கள். அதுவும் சொந்த வாழ்க்கையிலிருந்து பிறந்த நாவல், அதுவும் பாதியில் நின்றது. மகள் அதை 1994-ல் வெளியிட்டபோது முடிவு எழுதிச் சேர்க்கவில்லை. என் பதினோரு பக்கம் இப்போது என் பீரோவில் இருக்கிறது. அன்று உங்களிடம் குரல் உயர்த்தியதற்கு மன்னியுங்கள்.

கடைசியாக ஒருவர். கடைசி நோட்டின் இறுதி நான்கு பக்கம் அக்காவின் கையெழுத்து இல்லை. உருண்டையான, நிதானமான எழுத்து. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டியில் இருந்த நர்ஸ் நீங்கள். பேனா பிடிக்க முடியாமல் அவள் சொல்லச் சொல்ல, வேலைக்கு நடுவே எழுதியிருக்கிறீர்கள். இடையிடையே ஓரத்தில் மணி குறித்திருக்கிறீர்கள், 1.40, 2.15 என்று. 'கதவு திறந்தது. உள்ளே' என்பதற்குக் கீழே, சின்ன எழுத்தில், "அம்மா தூங்கிட்டாங்க. மீதி நாளைக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள்.

அந்த வரியையும் நூலில் சேர்த்திருக்கிறோம். உங்கள் எழுத்து என்று தெரியும்படி, நீங்கள் எழுதியது போலவே சின்ன எழுத்தில். நாங்கள் தேடி வந்தபோது நீங்கள் வேறு வேலைக்குப் போய்விட்டிருந்தீர்கள். இதைப் படித்தால் ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். உங்களுக்கென்று ஒரு பிரதியை உறை போட்டுத் தனியே எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்றியுடன்,
கதவைத் திறந்த தங்கை