கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம்

ஆசிரியருக்கு,

சமுதாய வானொலி தொடங்கும் தொண்டு நிறுவனங்கள் பல, ஏ.சி. ஸ்டூடியோ, பெரிய மிக்ஸர் என்று செலவழித்துவிட்டு ஆண்டெனா கேபிளில் மிச்சம் பிடிக்கப் பார்க்கின்றன. தலைகீழாகச் செய்ய வேண்டும். பேச்சு நிகழ்ச்சிக்கு இரண்டு டைனமிக் மைக், சிறிய மிக்ஸர், பழைய கணினி, ஒலியைப் பதிந்து வெட்டி ஒட்ட இலவச ஆடாசிட்டி மென்பொருள் போதும். சுவரில் முட்டை அட்டை ஒட்டினால் தெருச் சத்தம் நிற்காது. கனத்த ஜமுக்காளம் தொங்கவிட்டால் எதிரொலியாவது குறையும்.

விதிப்படி ஆண்டெனாவிலிருந்து வெளியாகும் அலையின் திறன் (கதிர்வீச்சுத் திறன்) பொதுவாக 100 வாட் வரை. ஆண்டெனா 15 முதல் 30 மீட்டர் உயரத்தில் இருக்கலாம். வாட்டைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதே லாபம். 50 வாட் டிரான்ஸ்மிட்டரிலிருந்து 30 மீட்டருக்கு மெல்லிய ஆர்ஜி-58 கேபிள் இழுத்தால் பாதிகூட மேலே போய்ச் சேராது. உள்ளே நுரை காப்பு உள்ள அரை அங்குல ஃபோம் கேபிள் என்றால் 40 வாட்டுக்கு மேல் சேரும். விலை அதிகம்தான், ஆனால் வாங்குவது ஒரே முறை.

அடுத்த எதிரி மழை. கனெக்டரில் நீர் இறங்கினால் அலை திரும்பி வந்து அவுட்புட் டிரான்சிஸ்டரைப் பொசுக்கிவிடும். இணைப்பின் மேல் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி, கேபிள் கட்டடத்துக்குள் நுழையுமுன் மழைநீர் உள்ளே வராமல் சொட்டிவிட, கீழ்நோக்கி ஒரு வளைவு விடுங்கள். அலை திரும்பி வருவதைக் காட்டும் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் 1.5-ஐத் தாண்டினால், நிகழ்ச்சி பாதியில் நின்றாலும் சரி, ஒலிபரப்பை நிறுத்திவிட்டு மேலே ஏறிப் பாருங்கள்.

— சமுதாய வானொலித் தொழில்நுட்ப ஊழியர்கள், மதுரை