அம்மாவுக்காக ஓடியவர்களுக்கும், கடன் கொப்பியில் கல் எண்ணிய அண்ணைக்கும்

அம்மா நேற்று மாலை வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார். படலையைத் திறந்ததும் முதலில் விசாரித்தது கோழிகளைத்தான். இரண்டு குறைகிறது என்று கண்டுபிடித்து, என்னைப் பேசி முடித்த பிறகே கதிரையில் இருந்தார். அந்தப் பேச்சைக் கேட்ட தெம்பில் இதை எழுதுகிறேன். நடந்ததைத் திரும்பச் சொல்லப்போவதில்லை. பரந்தன் தொடக்கம் மாங்குளம் வரை எல்லோருக்கும் அது என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கிறது.

காலபோக அறுவடைக்கு நடுவில் உழவு இயந்திரத்தை நிறுத்திவிட்டு இரத்தம் கொடுக்க வந்த வட்டக்கச்சி, தருமபுரம் பிள்ளைகளே, நான் கேட்காமலே “கண் திறந்துவிட்டார்” என்று வைத்தியசாலை விடுதி வாசலுக்கு வந்து சொன்ன தாதியரே, கஞ்சி கொண்டுவந்த மாமிமாரே, கடல் தாண்டிப் பணம் அனுப்பிவிட்டுப் பெயர் சொல்லவேண்டாம் என்றவர்களே, உங்கள் ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வருவேன். அம்மா எழும்பி நடக்கட்டும்.

ஆனால் இந்த மடலில் பெரும்பங்கு வேறொருவருக்கு உரியது. வைத்தியசாலைக்குப் பக்கத்தில் போட்டோப் பிரதிக் கடை வைத்திருக்கும் அண்ணைக்கு. அவர் செய்ததைச் சொல்வதற்கு, நான் அவுஸ்திரேலியாவில் என்ன செய்கிறேன் என்று கொஞ்சம் சொல்லவேண்டும். ஊரில் பாதிப்பேர் நான் டொக்டருக்குப் படிப்பதாக நினைக்கிறார்கள். விடுதியில் கூட ஒருவர் என்னிடம் மருந்து கேட்டார்.

எங்கள் ஆய்வகத்தில் சிலர் விண்கற்களைப் பார்க்கிறார்கள், சிலர் பூமியின் பழைய பாறைகளைப் பார்க்கிறார்கள். இரண்டு கூட்டத்துக்கும் கேள்வி ஒன்று: இதற்கு வயது என்ன? நான் கொண்டுபோனது வவுனியாக் கருங்கல். அதை உடைத்து, அரித்து, காந்தம் காட்டி, கடைசியில் நுணுக்குக்காட்டியின் கீழ் ஊசி நுனியால் பொறுக்கினால் சிர்கன் என்ற கனிமத்தின் மணிகள் கிடைக்கும். மணலைவிடச் சிறியவை. அந்த மணி உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை வாசலிலேயே மறித்துவிடும். பிறகு உள்ளே போன யுரேனியம் மெல்ல மெல்ல ஈயமாக மாறும். யுரேனியத்தின் வகைகளில் ஒன்றான யுரேனியம் 238 என்ற சமதானி பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் செல்லும். ஆகவே இப்போது உள்ளே எவ்வளவு யுரேனியம், எவ்வளவு ஈயம் என்று எண்ணினால் மணியின் வயது வந்துவிடும்.

1956இல் அமெரிக்க விஞ்ஞானி கிளேர் பற்றர்சன் விண்கற்களில் இருந்த ஈயத்தை அளந்து, பூமிக்கு வயது 455 கோடி ஆண்டுகள் என்று சொன்னார். அந்த எண்ணைத் தொடுவதற்கு முன் அவர் ஆண்டுக்கணக்கில் போராடியது வெளியிலிருந்து வந்து சேரும் ஈயத்தோடு. தூசியில் ஈயம், தலைமுடியில் ஈயம், கழுவும் நீரில் ஈயம். எங்கும் ஈயம் இருக்கும் என்று முதல் நாள் எங்களுக்குப் பாடம் எடுத்தபோது நான் தலையை மட்டும் ஆட்டினேன். துப்பாக்கிச் சன்னம் பொறுக்கி விளையாடி வளர்ந்தவளுக்கு அதை யாரும் விளக்கவேண்டியதில்லை.

என் மணிகளை அளக்கும் இயந்திரத்தின் பெயர் ஸ்றிம்ப். நீண்ட ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள் அவை, சேர்த்து வாசித்தால் இறால். அது ஓர் அறையை நிறைத்துக்கொண்டு நிற்கும். பல மாதங்களுக்கு முன்பே பதிந்து வைத்திருந்த என் மூன்று இரவுகள், அம்மா விடுதியில் கிடந்த அதே வாரத்தில் வந்து விழுந்தன. மணிகளை இயந்திரத்தில் ஏற்றிவிட அங்கே தோழி இருந்தாள். இருந்த இடத்திலிருந்தே இணையத்தில் இயக்கலாம். ஆனால் விடுதி வாசலில் இணையம் எங்கே?

கடைக்குப் போனது அம்மாவின் அறிக்கைகளைப் பிரதி எடுக்க. முகத்தைப் பார்த்து அண்ணை கேட்டார், நான் சொன்னேன். “இறாலா? முல்லைத்தீவில் நாங்கள் இறாலைப் பிடிப்போம், தங்கச்சி. உங்கள் இறால் கல்லைப் பிடிக்கிறதா?” என்று சிரித்துவிட்டு, மேசையை ஒதுக்கித் தந்தார். அவர் மனைவி பாயும் தலையணையும் கொண்டுவந்து பிரதி இயந்திரத்துக்கும் சுவருக்கும் இடையில் விரித்து, மூன்று இரவும் அங்கேயே இருந்தார். ஊர் வாய்க்கு அந்த அக்கா முன்கூட்டியே போட்ட பூட்டு அது.

இரண்டாம் இரவு மின்சாரம் நின்றது. அண்ணை மோட்டார் சைக்கிள் பற்றரியைக் கழற்றி வந்து இணையப் பெட்டிக்குக் கொடுத்தார். அதைக் கூடப் பெரிதாகச் சொல்லமாட்டேன். அவர் கைகளுக்கு அது எளிய வேலை.

மூன்றாம் இரவு என்னால் முடியவில்லை. பகல் முழுவதும் விடுதியில் நின்றவள். அளக்கவேண்டிய இடங்களை வரிசையாகக் கொடுத்துவிட்டு, “அரை மணித்தியாலம் படுக்கிறேன், இந்தப் பச்சைக் கோடு சட்டென்று விழுந்தால் எழுப்புங்கள்” என்று சொல்லிச் சாய்ந்தேன். விழித்தபோது இரண்டரை மணித்தியாலம் போயிருந்தது. பதறி எழுந்தேன். அண்ணை அதே கதிரையில், அதே இருப்பில், திரையைப் பார்த்தபடி இருந்தார். முன்னால் கடன் கொப்பி திறந்திருந்தது. யாரோ ஒருவரின் 340 ரூபாய்க்கும் இன்னொருவரின் 85 ரூபாய்க்கும் கீழே, 7.1, 7.2, 9.1 என்று என் மணிகளின் எண்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே தொடங்கிய நேரம், முடிந்த நேரம், “கோடு நேர்” என்ற குறிப்பு. ரூபாய், சதம் எழுதும் கோட்டுக்குள்ளேயே எழுதியிருந்தபடியால், ஏழாம் மணி எனக்கு ஏழு ரூபாய் பத்துச் சதம் கடன் வைத்ததுபோல் இருந்தது.

“ஒரே கல் இடையிடையே திரும்பத் திரும்ப வருகிறதே, கள்ளக் கணக்கா?” என்று கேட்டார். அது வயது தெரிந்த நியமக் கல். தராசைச் சரிபார்க்கப் படி வைப்பதுபோல இடையிடையே அதை அளப்போம் என்றேன். “அப்படியென்றால் சரி” என்று அந்த வரிகளுக்குப் பக்கத்தில் சின்ன வட்டம் போட்டார். யாரும் சொல்லிக்கொடுக்காமல் அதை அவர் கவனித்திருந்தார். எனக்கு அது பிடிபட முதல் வருடம் முழுவதும் சென்றது.

“ஏன் எழுப்பவில்லை?” என்றேன்.

“கோடு விழவில்லையே.”

வன்னிப் பாறைகள் சுமார் 55 கோடி ஆண்டுகளுக்கு முன், கண்டங்கள் மோதி கோண்டுவானா என்ற ஒரே பெருங்கண்டமாக ஒட்டிய காலத்தில், பூமிக்கு அடியில் கிடந்து வெந்தவை. பல மணிகளில் நடுவுக்கு ஒரு வயது, ஓரத்துக்கு இன்னொரு வயது. வெந்த பிறகும் பழைய நடு அப்படியே இருக்கும். அண்ணைக்கு இதைச் சொன்னபோது அவர் காலால் நிலத்தைத் தட்டினார். கடையின் அத்திவாரமும் வவுனியாக் கருங்கல்தானாம். 2010இல் திரும்பி வந்து முதலில் இறக்கிய லோட் அது. அதற்கு மேல் அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இந்தக் கடையைத் தமிழில் எழுதுவேன். அங்கே மறுத்தாலும் எழுதுவேன். அடுத்த முறை வரும்போது மணிகள் பதித்த அந்த வட்டத் தட்டையும் கொண்டுவந்து அவர் கையில் வைப்பேன்.

நேற்று அம்மாவை ஏற்றிக்கொண்டு வரும் வழியில் கடையில் ஓட்டோவை நிறுத்திக் கணக்குக் கேட்டேன். மூன்று இரவுக்கும் கணக்கு இல்லை என்றார். அந்தப் பக்கத்தையாவது கிழித்துத் தாருங்கள் என்றேன். “கிழித்தால் மற்றவர்களின் கடனும் போய்விடும்” என்று சொல்லி, ஆட்களின் பெயர்களை வெள்ளைத்தாளால் மறைத்து, ஒரு பிரதி எடுத்துத் தந்தார். அதற்கு மட்டும் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டார்.